வாரத்துக்கு விட்ட மாடு

ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கேட்காததையும் நாலு சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாலும் பரவாயில்லை, பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டினாலும் பரவாயில்லை. "வீட்ல மாடு இருக்கா?" என்று எங்களைக் கேட்டார்கள். "இல்லைங்க" என்றோம். அதில் பொய் ஒன்றும் கிடையாது. அந்த ஒரு பதிலால் பட்ட பாட்டை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஈரல் நோய்க்காரர்களும், அவர்களுக்காகப் பதில் சொல்லும் வீட்டுக்காரர்களும் படித்தால் போதும்.

என் பெயர் மாதம்மாள். ஓசூரை ஒட்டின மூக்கண்டப்பள்ளியில் மாடியில் ஒரு வாடகை வீடு. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வேலை. லேத்தில் கடைந்து வரும் இரும்புத் துண்டுகளை எண்ணெய் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். காரணம் சொல்லாமல் எதையும் ரிஜக்ட் செய்யக்கூடாது. பல வருஷம் அதையே செய்ததில் என் வாயும் அப்படி ஆகிவிட்டது என்பார் என் வீட்டுக்காரர். ஏன், எதற்கு என்று கேட்காமல் எதையும் விடமாட்டேனாம். அவர் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பேசுவதே அபூர்வம். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று கடவுள் நினைத்திருக்கிறார்.

என் ஈரல் கெட்டது தெரியவந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கால் வீங்கியது, வயிறு வீங்கியது, ஸ்கேன் பார்த்துவிட்டு சிரோசிஸ் என்றார்கள். ஈரல் முழுக்கத் தழும்பு விழுந்து, கெட்டியாகி, சுருங்கிப்போவதற்குத்தான் அந்தப் பெயர். முதலில் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நேராக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பேஷண்ட் நானுங்க சார்," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை அந்தக் கேள்வியைவிட மோசம். நான் ஜென்மத்தில் ஒரு சொட்டு தொட்டதில்லை. பல வருஷத்துச் சர்க்கரை, ஈரலில் படிந்த கொழுப்பு, அவை ரெண்டும் சேர்ந்து செய்த வேலை என்று பிறகு பார்த்த டாக்டர்கள் சொன்னார்கள். அதைத் தெருவில் யாரிடம் விளக்குவது? ஈரல் என்றாலே சாராயம் என்றுதான் ஊருக்குத் தெரியும். "நைட் ஷிப்ட்டுல பொம்பளைங்களும் போட்டுக்கறாங்களாமே" என்று கீழ் வீட்டு அம்மா என் காதுபடவே சொன்னாள். நானும் விடவில்லை. "ஆமாங்க, உங்களுக்கும் ஒண்ணு வாங்கியாரட்டுமா?" என்று கேட்டுவிட்டு மாடியேறினேன்.

ஈரல் கெட்டவர்களுக்குக் கிருமி பட்டால் ஏன் இத்தனை பாடு என்பதை எனக்கு டாக்டரம்மா விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் புகுந்துதான் உடம்புக்குப் போக வேண்டும். கிருமி இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். தழும்பேறின ஈரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் வேறு வழியாகச் சுற்றிப் போய்விடுகிறது. நம் கர்நாடக எல்லையில் செக்போஸ்டைத் தவிர்த்துவிட்டுச் சந்து வழியாகப் போகும் லாரி மாதிரிதான். அதனால் மற்றவர்களுக்கு ரெண்டு நாள் காய்ச்சலாகப் போவது எங்களுக்கு உயிரை வாங்கும். மாத்திரை, உப்பில்லாத சோறு, மாதாமாதம் செக்கப் என்று நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

இனி மாட்டு விஷயம். என் தங்கை கோவிந்தம்மா காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் தவறிப்போனபிறகு, எனக்கு வந்த போனஸில் ஒரு கலப்பின மாடு வாங்கி அவளிடம் வாரத்துக்கு விட்டேன். வாரம் என்றால் எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாடு வாங்கிக் கொடுத்தவருக்குச் சொந்தம், தீனி போட்டு வளர்ப்பவருக்குப் பால், பிறக்கும் கன்றுகளில் ஆளுக்கொன்று. மாடு என்னுடையது. ஆனால் அது இருப்பது அவள் வீட்டில்.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தபோது மாடு ஏழு மாதச் சினை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு நீலமும் சிவப்பும் பூசினோம். மறுநாள் காலை கன்று வீசிவிட்டது. நாள் நிறையாமல் செத்த கன்றைத் தள்ளிவிடுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்குகிறது, பாதி உள்ளே நிற்கிறது. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டால் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார். தங்கை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டு இழுத்தேன். என் விரல் நுனிகள் எண்ணெயும் மண்ணெண்ணெயும் பட்டுப் பட்டு எப்போதும் வெடித்திருக்கும். கம்பெனியில் கையுறை கொடுத்தாலும் போடமாட்டேன், போட்டால் பிசிறு கைக்குத் தெரியாது. மாட்டுக்கா போடப் போகிறேன்?

தங்கை மகள் சுதாவும் அங்கே இருந்தாள். ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்த பெண். அப்போது வயிற்றில் ஐந்து மாதம். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அந்தக் கோணிய விரிச்சுப் புடி, சுதா," என்றேன்.

பிடித்தாள். ரெண்டு கையும் கோணியில் இருந்ததால் மூக்கைப் பொத்த முடியாமல், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். நஞ்சுக்கொடியைக் கோணியில் போட்டுக் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது வழக்கம். ஆலமரத்தில் பால் வற்றாததுபோல மாட்டுக்கும் வற்றாது என்பார்கள். "செத்துப் பொறந்ததுக்கு என்னாத்துக்குக்கா இதெல்லாம், குழி தோண்டிப் பொதச்சுடலாம்" என்றாள் தங்கை. "கன்னுதான் போச்சு, பாலாவது நிக்கட்டும்" என்று நான்தான் அடம்பிடித்தேன். அது மரத்தில் ஏறியது. நான் கையைக் கழுவிக்கொண்டு ஓசூர் பஸ் பிடித்தேன்.

மாசி மாதம் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலமானால் வரும், நனைய நனைய வேர்க்கும், காலையில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். முதுகு எலும்பில் வலி. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டால் ரெண்டு நாள் நிற்கும், மறுபடி வரும். அப்புறம் வயிறு வீங்கத் தொடங்கியது. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் இட்லியை வைத்தபோது, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "இது ரிஜக்ட், இதுவும் ரிஜக்ட்" என்று தரையில் அடுக்கினேனாம். அவரை சூப்பர்வைசர் சார் என்று கூப்பிட்டேனாம். எனக்கு எதுவும் நினைவில்லை. ஈரல் சுத்தம் செய்யாத கழிவு மூளைக்கு ஏறினால் இப்படிக் குழப்பம் வரும். அவர் சிரிக்கவில்லை. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கிருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

குழப்பத்துக்கு ஒரு தித்திப்பு மருந்து கொடுத்தார்கள். குடித்தால் வயிறு பிய்த்துக்கொண்டு போகும், கழிவும் அதோடு போகும். அது தெளிந்த பிறகுதான் எனக்கு வார்டே கண்ணில் தெரிந்தது. டோக்கனைக் கன்னடத்தில், தமிழில், தெலுங்கில் என்று மூன்று முறை கூப்பிடும் கூடம். அதில் பிளாஸ்க்கைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனம். உள்ளே போனவர் எப்போது வருவார் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

வயிற்றில் சேர்ந்த நீரை எடுத்துப் பார்த்தார்கள். இடப்பக்கம் மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு நீளமாக இன்னொன்று. கலங்கலான மஞ்சள் நீர் குழாயில் இறங்குவதை நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீரில் வெள்ளையணு அதிகமாக இருந்தது. கிருமி வந்துவிட்டது என்று அர்த்தம். எந்தக் கிருமி என்று தெரியவில்லை. வழக்கமாகக் குடலில் இருக்கும் கிருமிதான் இப்படித் தாவும் என்று அதற்கான மருந்தை ஏற்றினார்கள். காய்ச்சல் குறையவில்லை. மறுபடி நீர் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தை பாட்டிலில் வைத்துக் கிருமி வளருகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு நாளாகும் என்றார்கள்.

அந்த மாட்டுக் கேள்வி நான் குழப்பத்தில் கிடந்தபோதே வந்திருக்கிறது. ஒரு இளம் டாக்டர் படுக்கைப் பக்கம் நின்று வரிசையாகக் கேட்டாராம். வெளியூர் போனீர்களா, பச்சைப் பால் குடிப்பீர்களா, வீட்டில் மாடு, ஆடு, நாய் உண்டா?

"இல்லைங்க. மாடி வீடு. ஒரு பூனைகூடக் கெடையாது," என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். நான் தெளிவாக இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஈரலுக்கான பெரிய டாக்டர் ஒரு பெண். கன்னடக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். எதையும் மறைக்க மாட்டார். "டிபி இருக்கலாம்னு தோணுது," என்றார் ஒருநாள். "நிச்சயம் இல்ல. டிபி மாத்திரை ஈரல அடிக்கும். உங்க ஈரல் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. திங்கட்கிழமை வரைக்கும் பாப்போம். ஒண்ணும் கெடைக்கலன்னா ஆரம்பிக்கறதத் தவிர வேற வழி இல்ல."

"தாங்கலன்னா?"

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதுவே பதில்.

பயந்தேன். அதை மறைக்க மாட்டேன். சாவேன் என்ற பயம் ஒரு பக்கம், எதனால் சாகிறேன் என்று தெரியாமலே போகப்போகிறேனே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். ஒரு இரும்புத் துண்டைத் தூக்கிப் போடக்கூட எங்கள் டேபிளில் காரணம் எழுத வேண்டும். எனக்கு எழுத ஒரு காரணமும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஆனேக்கல்லிலிருந்து வந்த ஒரு அம்மா, அவருக்கும் இதே ஈரல். தித்திப்பு மருந்தைக் குடிக்கும்போது என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்துக் காட்டுவார், நானும் காட்டுவேன். ஒருநாள் மத்தியானம் திரையை இழுத்து மூடினார்கள். அவருடைய மகள் கன்னடத்தில் அழுதாள். சாயங்காலம் அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டு வேறொருத்தரைப் படுக்க வைத்தார்கள். அன்றைக்கு நான் மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

என் வீட்டுக்காரர் தினமும் உப்பில்லாத ரசம் சாதம் கொண்டுவருவார். அதில் எனக்காக மிளகைத் தட்டிப்போட்டு, மேலே எலுமிச்சை பிழிந்திருப்பார். நான் உப்பில்லாமல் சாப்பிடும்போது தான் மட்டும் உப்புப் போட்டுச் சாப்பிடுவதா என்று, வீட்டிலும் அதையேதான் சாப்பிட்டிருக்கிறார். அது எனக்குப் பின்னால் தெரிந்தது. மஞ்சளாக ஒரு மருந்து பாட்டில் ஏற்றுவார்கள், விலை அதிகம் என்று நர்ஸ்களே சொல்லிக்கொள்வார்கள். அது ஏறுகிற நாளில் அவர் விரலில் கல்யாண மோதிரம் இல்லை. நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

ஒரே ஒரு குறை எனக்கு, தங்கை வந்து பார்க்கவில்லை. காவேரிப்பட்டினம் என்ன, கடல் தாண்டியா இருக்கிறது? "போனக் குடுங்க, நாக்கப் புடுங்கிக்கற மாதிரி ரெண்டு வார்த்த கேக்கறேன்" என்பேன். சார்ஜ் இல்லை என்பார் என் வீட்டுக்காரர், டவர் இல்லை என்பார், டாக்டர் பேசக்கூடாதென்றார் என்பார். போனைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். நான் வாங்கிக் கொடுத்த மாட்டின் பாலைக் குடிக்கத் தெரிகிறது, நான் சாகக் கிடப்பதைப் பார்க்க வரத் தெரியவில்லையா என்று அவளை நாலு நாள் மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா சனிக்கிழமை ரவுண்ட்ஸ் நேரத்துக்கு முன்பே வந்தார். வேகமாக வந்தார்.

"ரத்தத்துல ஒண்ணு வளருது. ரொம்ப மெதுவா வளர்ற கிருமி. லேப்ல இருந்து இப்பதான் போன் பண்ணாங்க." பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, அவசரத்தில் கன்னடத்திலேயே, "மனேல்லி ஹசு இதியா? வீட்ல நிஜமா மாடு இல்லயா?" என்றார்.

"இல்ல மேடம்."

"ஆடு?"

"அதுவும் இல்ல."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். என் வாய் சும்மா இருக்குமா? "எதுக்கு மேடம் எல்லாரும் மாட்டையே கேக்கறீங்க?" என்றேன்.

"இது மாடு, ஆடுகிட்ட இருந்து வர்ற கிருமி, அம்மா. கன்னு வீசற மாட்டுல இருக்கும். வீசின கன்னையோ நஞ்சுக்கொடியையோ தொட்டா, கையில சின்ன வெடிப்பு இருந்தாலே உள்ள போயிடும்."

நான் என் விரல்களைப் பார்த்தேன். வேலைக்குப் போகாததால் வெடிப்பெல்லாம் மூடியிருந்தது.

"என் மாடு வீசிச்சு மேடம்."

"உங்களுக்குத்தான் மாடு இல்லயே?"

"வீட்ல இல்லீங்க. வாரத்துக்கு விட்டிருக்குது. என் தங்கச்சி வீட்ல நிக்குது."

டாக்டரம்மா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ரவுண்ட்ஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நடந்ததை எல்லாம் சொன்னேன், கையை உள்ளே விட்டது, கோணி, ஆலமரம் உட்பட. அவர் திட்டவில்லை. "டிபி மாத்திரை வேணாம். இதுக்கு மருந்து இருக்கு," என்றார். என் உடம்பில் இருந்த பயம் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது. அழுதேன். அடுத்ததாக அவர் கேட்டார்:

"வேற யாரு தொட்டாங்க?"

"என் தங்கச்சி. அவ பொண்ணு கோணி புடிச்சா. மாசமா இருக்கா மேடம்."

அவர் எழுந்துவிட்டார். "உடனே அவங்களுக்கு ரத்தம் பாக்கணும். இன்னிக்கே. கர்ப்பிணிக்கு இது வந்தா கரு தங்காது."

"ஏங்க, போன் போடுங்க கோவிந்தம்மாவுக்கு."

என் வீட்டுக்காரர் டிபன் டப்பாவின் மூடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே துடைத்த மூடி.

"ஏங்க, காது கேக்கலயா?"

"வேணாம் மாதம்மா."

"என்னா வேணாம்?"

"போயிடுச்சு," என்றார். "சுதாவுக்கு. போன வாரமே. காச்சலா கெடந்துச்சாம், அப்புறம் வலி வந்துச்சாம். கிருஷ்ணகிரி ஜி.எச்.லதான் இருந்தாங்க. ஆம்பளப் புள்ள. உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டேன்னு கோவிந்தம்மாதான் சொல்லவே கூடாதுன்னுச்சு."

அந்த வார்டில் எவ்வளவோ சத்தம் உண்டு. எனக்கு அவர் கையில் இருந்த மூடி ஸ்டூலில் பட்ட சத்தம் மட்டும்தான் கேட்டது. டாக்டரம்மா மெதுவாக, "போன வாரம் இத எங்ககிட்ட சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்து, என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சொல்லியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள். அதைவிட, நான் சேர்ந்த அன்றைக்கே எங்கள் மாட்டைச் சொல்லியிருந்தால், சுதாவைக் கூப்பிட்டு மருந்து கொடுக்க நேரம் இருந்திருக்கும். குழந்தை பிழைத்திருக்குமா என்று பிறகு கேட்டேன். "சொல்ல முடியாது, ஆனா வாய்ப்பு இருந்துச்சு" என்றார் டாக்டரம்மா. என் மேல் உள்ள பிரியத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான்கு நாளாக நான் வைதுகொண்டிருந்த தங்கை, மகளின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் என் வீட்டுக்காரரைத் திட்டினேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். அவர் கட்டில் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

மருந்து சுலபமாக இல்லை. இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று ஈரலைக் கெடுக்கும், இன்னொன்று கிட்னியைக் கெடுக்கும். ஈரல் கெட்டவளுக்கு ரெண்டுமே வினை. டாக்டர்கள் கூடிப் பேசி, உள்ளதில் சாதுவான ரெண்டைச் சேர்த்து, வாரக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். தினமும் ரத்தம் எடுத்தார்கள். என் கையில் ஊசி குத்த இடமில்லாமல் போய், புறங்காலில் தேடினார்கள். காய்ச்சல் ஒரே நாளில் ஓடவில்லை. முதலில் குளிர் நின்றது, பிறகு வேர்வை குறைந்தது, ஒரு சாயங்காலம் காய்ச்சல் வராமலே இருட்டியது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. ரசம் சாதத்தை முழுக்கச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

தங்கை வந்தாள். கட்டிலில் உட்காரச் சொன்னேன், தரையில் உட்கார்ந்தாள். தலை வாரவில்லை. அவளுக்கும் மூட்டுமூட்டாக வலி. ரத்தம் பார்த்தார்கள், அவளுக்கும் இருந்தது. சுதாவுக்கும் இருந்தது. நல்ல ஈரல் உள்ளவர்கள் என்பதால் மாத்திரையோடு போயிற்று. தங்கை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள்.

"மாடு உன்னுது, பாலு என்னுது, கன்னு ஆளுக்கு ஒண்ணு. இந்த நோவ மட்டும் யாருக்கும் பாக்கி வெக்காம பங்கு போட்டுச்சு பாருக்கா."

மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், அதற்கும் இருந்தது. கால்நடை டாக்டர் ஆலமரத்தடிக்குப் போனபோது கோணி கிழிந்து கீழே கிடந்ததாம், நாய்கள் இழுத்துப் போட்டிருக்கின்றன. எஞ்சியதைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தார்கள். கன்று வீச்சுக்குக் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். எங்கள் மாட்டுக்கு அந்த வயதில் போட்டார்களா என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கிய எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்றாள் தங்கை. "யாரு வாங்குவா?" என்றேன். "யாராச்சும்" என்றாள். "அவங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருக்கும் கோவிந்தம்மா" என்றேன். மாடு இப்போது கொல்லையில் தனியாகக் கட்டியிருக்கிறது. கொம்பில் பொங்கல் வர்ணம் இன்னும் போகவில்லை. தீனிச் செலவு என்னுடையது.

வீடு திரும்பினேன். கிருமி போய்விட்டது, ஈரல் அதே ஈரல்தான். வயிற்றில் நீர் இப்போதும் சேருகிறது, எடுக்கிறார்கள். மாற்று ஈரலுக்குப் பெயர் பதிந்து வைத்திருக்கிறது. கம்பெனிக்கு இனி போக முடியாது. இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு மனசில் நின்றது ஒன்றுதான். சுதாவை அவள் மாமியார் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தங்கை சொல்லியிருந்தாள்.

நிற்கத் தெம்பு வந்ததும் ஊத்தங்கரைக்குப் போனோம், நானும் அவரும். சித்திரை வெயில். சுதாவின் மாமியார் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார், என் காலின் வீக்கத்தைப் பார்த்து, "இந்த ஒடம்போட எதுக்கும்மா வந்தீங்க?" என்றார். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"பொங்கலுக்குப் போயி அம்மா வூட்லயே தங்கினவ, திரும்பும்போது பஸ்ல வரக்கூடாதா? பைக்ல வராத, வராதன்னு போன்ல தலபாடா அடிச்சுக்கினேன். கேட்டாளா? ரெண்டாம் நாளே எல்லாம் போச்சு."

சுதா கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"பைக்கும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "என் மாட்டுக்கு நோவு. அது கன்னு வீசினப்போ நான்தான் இவளக் கோணி புடிக்கச் சொன்னேன். அதுல எனக்கும் வந்துச்சு, இவளுக்கும் வந்துச்சு. இவ வரும்போதே காச்சலோடதான் வந்தா. டாக்டருங்க ரத்தம் பாத்துச் சொல்லிட்டாங்க. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க."

அந்த அம்மா மோர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "யாரு மாட்டு நோவோ," என்றார். "போனது எங்க புள்ள." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

பஸ் நிறுத்தம்வரை சுதா கூட வந்தாள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நடந்தார்.

"பெரிம்மா, பைக்குனால இல்ல, நிச்சயமா?"

"நிச்சயமா."

"சந்தையாண்ட ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்குது. அதுல ஏறி எறங்கினப்ப ஒரு குலுக்கு குலுக்குச்சு. மெதுவா போங்கன்னு அவருகிட்ட நான் சொல்லல. அதுதான், அதுதான்னு தெனமும் நெனச்சிக்கினு கெடந்தேன்."

"அது இல்ல, கண்ணு."

அவள் பெருமூச்சு விட்டாள். வேப்பமரத்து நிழலில் நின்றோம். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப அந்தக் கோணிய நான் புடிக்காம இருந்திருந்தா?"

இதைக் கேட்பாள் என்று தெரிந்தேதான் வந்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"புடின்னு சொன்னது நானு. நீ பெரிம்மா சொன்னத செஞ்ச, அவ்ளோதான். அதுக்கு மேல உன்கிட்ட ஒண்ணும் இல்ல. மிச்சம் எல்லாம் என்னுது."

அப்போதுதான் அவள் அழுதாள். கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. நான் கையை இழுத்தேன், அவள் விடவில்லை. கண்டக்டர் படியில் நின்று, "ஏறும்மா, ஏறு, நேரமாவுது" என்று கத்தினார்.

"நீங்க போங்க," என்றார் என் வீட்டுக்காரர் கண்டக்டரிடம், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "நாங்க அடுத்த பஸ்ல வர்றோம்."